கர்னலின் மரண வாக்குமூலம்

நாமக்கல் வட்டாரத்தில் டிரைவர் என்றால் லாரி ஓட்டுபவர். கணினியியலிலோ அச்சொல், இயங்குதளத்துக்கும் அதனோடு இணைந்த கருவிக்கும் இடையே நின்று ஒன்றின் பேச்சை மற்றொன்றுக்குப் புரியவைக்கும் நிரலைக் குறிக்கிறது. நினைவகத்தையும் பிராசசரின் நேரத்தையும் பங்கிட்டுத் தரும் மையப்பகுதியான கர்னலுக்குள்ளேயே இந்த டிரைவர் நிரல்கள் பெரும்பாலும் இயங்குவதால், சாதாரண மென்பொருளில் நேரும் பிழை அந்த மென்பொருளை மட்டும் நிறுத்த, டிரைவரில் நேரும் பிழையோ கணினி முழுவதையும் நிறுத்திவிடுகிறது. லினக்ஸ் கர்னலின் பிற பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை மிகுதி என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2001இல் கண்டனர். 2024 ஜூலை 19 அன்று, 20 மதிப்புகளே தரப்பட்டிருந்த இடத்தில் 21ஆவதைத் தேடிய கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் கர்னல் டிரைவரால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சென்னை விமான நிலையமும் அன்று தப்பவில்லை.

இத்தகைய பிழை எப்படிப் பிறக்கிறது என்பதை நாமக்கல் கோழிப்பண்ணைக் கொட்டகையின் வெப்பத்தை அளக்கும் ஓர் உணரியைக் கொண்டு விளக்கலாம். புதிய அளவீடு கிடைத்ததும் அந்த உணரி, நடக்கும் வேலையை இடைமறித்துப் பிராசசரின் கவனத்தைக் கோரும் குறுக்கீட்டுச் சைகையை அனுப்புகிறது. அச்சைகையை ஏற்கும் பணியை முதலில் பதிவு செய்துவிட்டு, அளவீட்டை வைப்பதற்கான நினைவகத்தைப் பிறகு ஒதுக்கும்படி டிரைவர் எழுதப்பட்டிருந்தால், இவ்விரு வரிகளுக்கும் இடைப்பட்ட நொடிப்பொழுதில் சைகை வரும்போது, நினைவக முகவரி இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் மட்டுமே இருக்கும். சுழிய முகவரியைக் கர்னல் எவருக்கும் ஒதுக்குவதில்லை என்பதால் பிராசசர் அதை அணுகும் முயற்சியை அங்கேயே தடுத்து நிறுத்துகிறது. சோதனை மேசையில் நூறு முறை தேறிய டிரைவர் பண்ணையில் ஒரு நாள் திடீரென வீழ்வது இதனால்தான்.

வீழும்போது லினக்ஸ் கர்னல் ‘ஊப்ஸ்’ எனப்படும் செய்தியை எழுதுகிறது. அதில் பிழைக்குரிய முகவரி 8 என்றிருந்தால், இல்லாத ஒரு தரவுத் தொகுப்பின் தொடக்கத்திலிருந்து 8 பைட் தள்ளியுள்ள உறுப்பைப் படிக்க முயன்றதாகவே பெரும்பாலும் பொருள்படும். பிழை நேர்ந்த செயற்கூற்றின் பெயரோடு, எடுத்துக்காட்டாக, அதன் மொத்த நீளமான 144 பைட்டில் தொடக்கத்திலிருந்து 28 பைட் தள்ளிப் பிழை நேர்ந்தது என்பது போன்ற குறிப்பும் இருக்கும்; வழுநீக்கத் தகவலோடு தொகுக்கப்பட்ட நிரலாயின், அந்த எண்ணிலிருந்து மூல நிரலின் வரியையே கண்டுவிடலாம். எது எதை அழைத்தது என்ற வரிசையைக் கீழிருந்து மேலாகப் படித்தால் குறுக்கீட்டுச் சைகை முந்திக்கொண்டது வெளிப்படும். தீர்வு, இரண்டு வரிகளை இடம் மாற்றுவதே.

ஆனால், குறுக்கீட்டைக் கையாளும்போது நேரும் பிழை ‘பேனிக்’ என்னும் முழு நிறுத்தத்தில் முடிவதால், ஊப்ஸ் செய்தி வன்வட்டில் பதிவாகாமலே போகக்கூடும். நிலைகுலைந்த கர்னலைக் கொண்டே அதன் நினைவகத்தைப் பதிவு செய்வதும் நம்பத்தக்கதன்று. இச்சிக்கலுக்குத் தீர்வாக வந்த ‘கேடம்ப்’ முறையை உருவாக்கியதில் பெங்களூரு ஐபிஎம் ஆய்வகத்தைச் சேர்ந்த விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோருக்கும், அதன் அடித்தளமான ‘கேஎக்ஸெக்’ நுட்பத்தைத் தந்த எரிக் பீடர்மேனுக்கும் பெரும்பங்கு உண்டு. கணினி தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டு, அதில் இரண்டாவது கர்னல் ஒன்று காத்திருக்கிறது. முதல் கர்னல் வீழ்ந்ததும் அது எழுந்து, அழியாமல் நிற்கும் பழைய நினைவகத்தை அப்படியே கோப்பாகச் சேமிக்கிறது. 2005 ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் 2.6.13 பதிப்பிலேயே இது இடம்பெற்றது.

கேடம்ப் பணிக்கு அடிப்படையாக இருந்த லினக்ஸ் மூல நிரல் இன்றும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. சேலம், நாமக்கல் மாவட்டப் பொறியியல் மாணவர்கள் தம் மடிக்கணினிக்குள் மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து, அதன் கர்னலை வேண்டுமென்றே வீழ்த்திப் பழகுவதற்குச் செலவும் இல்லை, சேதமும் இல்லை. கணினி நின்றதும் மறுதொடக்கப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோகாமல், அது சொல்லிவிட்டுப் போனதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கும் பழக்கத்தை அவர்கள் முதலாண்டிலேயே பெற வேண்டும்.