பாங்காக் இரத்தினக்கல் மோசடி

பாங்காக் இரத்தினக்கல் மோசடி என்பது தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை, குறிப்பாகத் தனியாகப் பயணம் செய்பவர்களை, இலக்காகக் கொண்டு நடத்தப்படும் ஒரு மோசடி ஆகும். தரம் குறைந்த இரத்தினக் கற்களைச் சொந்த நாட்டில் இருமடங்கு விலைக்கு விற்கலாம் என்று நம்பவைத்து, அவற்றின் சந்தை மதிப்பைவிட மிக அதிக விலைக்கு விற்பதே இதன் அடிப்படை. இதில் வன்முறையோ திருட்டோ இடம்பெறுவதில்லை. பணத்தைப் பயணியே தம் விருப்பத்துடன் கொடுக்கிறார். பயண வழிகாட்டி நூல்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தபோதிலும் இம்மோசடி தொடர்ந்து நடைபெற்று வந்துள்ளது.

பின்னணி

தாய்லாந்து உலகின் முக்கிய இரத்தினக்கல் வணிக மையங்களுள் ஒன்றாகும். நாட்டின் தென்கிழக்கிலுள்ள சந்தபுரி மாகாணம் மாணிக்கத்துக்கும் நீலக்கல்லுக்கும் பெயர் பெற்றது. இவ்விரு கற்களும் அலுமினியம் ஆக்சைடால் ஆன குருந்தம் என்ற கனிமத்தின் வகைகளே. கற்களை உயர் வெப்பத்தில் சூடாக்கி நிறத்தை மேம்படுத்தும் தொழில்நுட்பத்தில் தாய்லாந்து வணிகர்கள் தேர்ச்சி பெற்றவர்கள். இலங்கையில் மதிப்பற்றதாகக் கருதப்பட்ட கியூடா என்னும் பால்நிறக் கற்களை 1970களில் வாங்கிச் சென்று, சூடாக்கி, உயர்தர நீலக்கற்களாக மாற்றி விற்றவர்களும் இவர்களே.

ஆகவே, "பாங்காக்கில் நல்ல கற்கள் கிடைக்கும்" என்பது பொய்யன்று. மோசடிக்காரர்கள் இந்த உண்மையின் மீதே தங்கள் கதையைக் கட்டுகின்றனர்.

நடைபெறும் முறை

விவரங்கள் மாறினாலும் மோசடியின் படிநிலைகள் பெரும்பாலும் ஒரேமாதிரியாக அமைகின்றன.

1. முதல் சந்திப்பு: 1782இல் கட்டத் தொடங்கப்பட்ட பெரிய அரண்மனையின் அருகில், நன்கு உடையணிந்த ஒருவர் பயணியிடம் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுக்கிறார். தம்மை ஆசிரியர், மாணவர் அல்லது அரசு ஊழியர் என அறிமுகப்படுத்திக்கொள்கிறார். இன்று விடுமுறை என்றோ, துறவிகளின் வழிபாடு நடைபெறுகிறது என்றோ கூறி அரண்மனை மூடப்பட்டுள்ளதாகத் தெரிவிக்கிறார்.

2. மாற்றுத் திட்டம்: வேறு சில கோயில்களைப் பார்க்கலாம் எனப் பரிந்துரைத்து, வரைபடத்தில் குறித்தும் கொடுக்கிறார். அவ்வழியே வரும் துக்-துக் எனப்படும் மூன்று சக்கர வண்டியை நிறுத்தி, மிகக் குறைந்த வாடகைக்குப் பேசி முடிக்கிறார்.

3. இரண்டாம் சாட்சி: வண்டி ஒரு கோயிலில் நிற்கிறது. 32 மீட்டர் உயரமுள்ள நிற்கும் புத்தர் சிலையைக் கொண்ட வாட் இந்தரவிகான் இவ்வாறு பயன்படுத்தப்படும் இடங்களுள் ஒன்று. கோயிலுக்கும் மோசடிக்கும் தொடர்பில்லை. அங்கே தற்செயலாகச் சந்திப்பவர் போன்ற இன்னொருவர், ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடைபெறும் அரசு ஏற்றுமதி விற்பனை இன்றுடன் முடிவதாகவும், தாம் முன்பு கற்களை வாங்கி வெளிநாட்டில் நல்ல இலாபத்துக்கு விற்றதாகவும் கூறுகிறார்.

4. கடை: வண்டியோட்டி பயணியை ஒரு நகைக் கடைக்கு அழைத்துச் செல்கிறார். அழைத்து வந்ததற்காக வண்டியோட்டிக்கு எரிபொருள் சீட்டோ தரகுப் பணமோ கிடைக்கிறது. கடையில் உபசரிப்பு, சான்றிதழ், உத்தரவாதம் அனைத்தும் உண்டு. பயணி கடனட்டை மூலம் பணம் செலுத்துகிறார்.

5. அஞ்சல்: கற்களைப் பாதுகாப்பாக அனுப்புவதாகக் கூறி, கடைக்காரர்களே அவற்றைப் பயணியின் வீட்டு முகவரிக்கு அஞ்சலில் அனுப்புகின்றனர். இதனால் பயணி தாய்லாந்தில் இருக்கும்போதே கற்களை வேறொருவரிடம் காட்டிச் சோதிக்கும் வாய்ப்பும், திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பும் இல்லாமற் போகின்றன.

வாக்குறுதியிலுள்ள பிழை

வரிவிலக்கு காரணமாகவே விலை மலிவு என்று கூறப்படுகிறது. தாய்லாந்தில் மதிப்புக் கூட்டு வரி 7 விழுக்காடாகும். அவ்வரியை முழுமையாக நீக்கினாலும் விலை 7 விழுக்காட்டு அளவில்தான் மாறும். நூறு விழுக்காடு இலாபம் அதிலிருந்து வர இயலாது. மேலும், கற்களை வணிகர்கள் மொத்த விலைக்கே வாங்குவர். சில்லறை விலை கொடுத்து வாங்கிய ஒருவர் அவற்றை இலாபத்துடன் வணிகரிடமே விற்பது மிக அரிது. உண்மையில் அத்தகைய இலாபம் இருக்குமாயின், கடைக்காரர் தாமே ஏற்றுமதி செய்து அதனை அடைந்திருப்பார்.

விற்கப்படும் கற்கள் பெரும்பாலும் போலியானவையல்ல. தரம் குறைந்த இயற்கைக் கற்களாகவோ செயற்கை முறையில் மேம்படுத்தப்பட்டவையாகவோ இருக்கும். 2004ஆம் ஆண்டளவில் ஈயக் கண்ணாடியால் விரிசல்கள் நிரப்பப்பட்ட மாணிக்கங்கள் சந்தைக்கு வந்தன. இவற்றின் நிலையை வெறுங்கண்ணால் அறிவது பயிற்சியற்றவர்க்குக் கடினம்.

ஏமாறுவதற்கான காரணங்கள்

பேராசை மட்டுமே இதற்குக் காரணம் எனக் கருதுவது சரியன்று. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்போல் தோன்றும் இருவர் மூவர் ஒரே செய்தியைக் கூறும்போது, அதனை மனம் உறுதிசெய்யப்பட்ட தகவலாக ஏற்றுக்கொள்கிறது. முதலில் சந்தித்தவர் எதையும் விற்க முயல்வதில்லை என்பதால் ஐயம் எழுவதில்லை. "இன்றே கடைசி நாள்" என்பது சிந்திக்க நேரம் தருவதில்லை. ஒவ்வொரு படியிலும் கேட்கப்படுவது சிறிய சம்மதமே. எனவே மறுக்க வேண்டிய இடம் எது என்பது தெளிவாகத் தெரிவதில்லை.

தனியாகப் பயணம் செய்பவரிடம் "இது சரியா?" என்று கேட்க அருகில் ஒருவரும் இல்லை. அந்நிய ஊரில் அன்பாகப் பேசும் ஒருவரைச் சந்தேகிப்பது நாகரிகமன்று என்ற எண்ணமும் அவரைத் தடுக்கிறது. பின்னர் ஏற்படும் வெட்கத்தால் பலர் முறையிடுவதுமில்லை. இந்த மௌனம் மோசடி தொடர்வதற்கு உதவுகிறது.

சட்ட நிலை

கடை பதிவு பெற்ற வணிக நிறுவனமாக இருக்கக்கூடும். விலையும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதே. இலாப வாக்குறுதி வாய்மொழியாகவே அளிக்கப்படுவதால் அதனை மெய்ப்பித்தல் கடினம். ஆகையால் இது குற்றமாக அன்றி வணிகத் தகராறாகக் கருதப்படும் நிலை ஏற்படுகிறது. பயணி நாட்டைவிட்டு வெளியேறுமுன் பற்றுச்சீட்டுடனும் கற்களுடனும் முறையிட்டால், பணத்தின் ஒரு பகுதியையேனும் திரும்பப் பெற வாய்ப்பு அதிகம்.

தவிர்க்கும் வழிகள்

* பெரிய அரண்மனை பொதுவாக நாள்தோறும் காலை 8.30 மணிக்குத் திறக்கப்படுகிறது. 2016 அக்டோபரில் மன்னர் பூமிபோல் மறைவையொட்டி மூடப்பட்டது போன்ற நிகழ்வுகள் அரிதானவை. மூடப்பட்டுள்ளதா என்பதை வாயிலுக்கே சென்று அறிவது நல்லது.
* தாமாக வந்து பேசுபவர் அமர்த்தித் தரும் வண்டியில் ஏறாதிருத்தல் வேண்டும்.
* கல்லைப் பற்றி அறியாதவர் அதனை முதலீடாகக் கருதி வாங்குவதைத் தவிர்க்க வேண்டும்.
* வாங்குவதாயின், கடையுடன் தொடர்பற்ற ஆய்வகத்தில் சோதித்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.
* ஏமாந்தவர்கள் தாமதமின்றிச் சுற்றுலாக் காவல்துறையை 1155 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கலாம். கடனட்டை வழங்கிய வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

பயணிகளிடம் வலியவந்து பேசும் உள்ளூர் மக்கள் அனைவரும் மோசடிக்காரர்கள் அல்லர். பேச்சு எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அது ஒரு கடையை நோக்கித் திரும்பும் இடத்தில் நின்றுகொள்வதே போதுமான எச்சரிக்கையாகும்.

இவற்றையும் பார்க்க

* பாங்காக்
* மாணிக்கம்
* நீலக்கல்
* குருந்தம்