சிறிய வீட்டுத்தோட்டம்: மூன்று பாத்திகளுடன் ஆரம்பிப்போம்

பல வருடங்களின் பின்னர் சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். வளவு முழுவதும் பற்றை மண்டிக் கிடக்கலாம். வேலி இருக்காது. கிணறு தூர்ந்து போயிருக்கலாம். முன்னர் கத்தரியும் மிளகாயும் காய்த்த மண் என்பதால், முழுக் காணியையும் ஒரேயடியாகத் துப்புரவாக்கிப் பயிரிட வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பே. ஆனால் முதல் வருடத்தில் அது வேண்டாம். வீட்டுக்கு அருகே மூன்று சிறிய பாத்திகள் போதும்.

உலர் உணவு நிவாரணத்தில் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் போன்றவை கிடைக்கின்றன. கீரையும் மரக்கறியும் அதில் இல்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் அவை மிகவும் அவசியம். நிவாரணம் ஒரு நாள் நின்றுவிடும். அந்த நாள் வருவதற்கு முன்னரே உங்கள் வளவில் ஏதாவது காய்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். இதற்கு முன்னர் தோட்டம் செய்து பழக்கம் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம்.

முதலில் பாதுகாப்பு

மிதிவெடி அகற்றப்பட்டு, மீள்குடியேற்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட நிலத்தில் மாத்திரம் மண்ணைக் கொத்துங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பற்றைக்குத் தீ வைக்க வேண்டாம். அடியில் வெடிக்காத குண்டு கிடந்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். தூர்ந்த கிணற்றினுள்ளும் வெடிபொருட்கள் இருக்கக்கூடும். அது பரிசோதிக்கப்படும் வரை எவரும் உள்ளே இறங்கக் கூடாது.

அறியாத இரும்புப் பொருள் எதையும் கண்டால் தொடவோ, கல்லால் எறியவோ, பழைய இரும்பென்று எடுத்து விற்கவோ வேண்டாம். வந்த வழியாகவே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

எவ்வளவு பெரிய தோட்டம்?

காணியின் அளவை வைத்துத் தோட்டத்தைத் திட்டமிட வேண்டாம். நாளாந்தம் உங்களால் அள்ளக்கூடிய தண்ணீரை வைத்துத் திட்டமிடுங்கள். 3 அடி அகலமும் 10 அடி நீளமும் கொண்ட ஒரு பாத்திக்கு, மழை இல்லாத நாளில் ஏறக்குறைய 15 லீற்றர் தண்ணீர் தேவை. மூன்று பாத்திகளுக்கு 45 லீற்றர், அதாவது 10 லீற்றர் வாளியால் நாலரை வாளி. தனியாகக் குடும்பத்தைப் பார்க்கும் ஒரு தாயும் காலையில் பாதி, மாலையில் பாதி என்று இதை ஊற்றிவிடலாம்.

அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரை வீணாக்காமல் பாத்திக்கு ஊற்றுங்கள். சவர்க்காரம் கலந்த தண்ணீரை வாழைக்கு விடுங்கள், கீரைக்கு வேண்டாம். நீர் இறைக்கும் இயந்திரம் வாங்குவதற்காக முதல் வருடத்திலேயே கடன்படாதீர்கள்.

பாத்தி அமைத்தல்

வெயில் நன்றாகப் படும் இடமாகவும், கிணற்றுக்கும் குசினிக்கும் அருகாகவும் இருந்தால் நல்லது. கண்ணில் படும் தோட்டத்துக்குத்தான் தண்ணீர் தவறாமல் கிடைக்கும். பாத்தி 3 அடி அகலமாக இருந்தால் இரு பக்கமும் நின்று, உள்ளே மிதிக்காமல் வேலை செய்யலாம்.

மண்ணை ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, கல்லையும் வேரையும் அகற்றுங்கள். ஒவ்வொரு பாத்திக்கும் இரண்டு கடகம் உக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெரு கலக்குங்கள். உக்காத புதிய எரு வேரைக் கருக்கிவிடும். மாரி காலத்தில், அதாவது ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை, தண்ணீர் தேங்காதபடி பாத்தியை அரை அடி உயர்த்துங்கள். கோடையில் பாத்தியைச் சற்றுத் தாழ்வாக அமைத்து, மண்ணை வைக்கோலால் அல்லது காய்ந்த சருகால் மூடுங்கள். ஈரம் நீண்ட நேரம் நிற்கும்.

எதை நடுவது?

முதலாவது பாத்தியில் கீரை விதையுங்கள். 25 தொடக்கம் 30 நாட்களில் பிடுங்கலாம். பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைத்தால் எல்லாம் ஒன்றாக முற்றிவிடும். ஆகவே மூன்றில் ஒரு பங்கை இன்றும், அடுத்த பங்கை 10 நாட்களின் பின்னரும், மிகுதியை அதற்கு 10 நாட்களின் பின்னரும் விதையுங்கள்.

இரண்டாவது பாத்தியில் வெண்டி. இரண்டு வரிசையாக, ஒன்றரை அடிக்கு ஒன்று என 14 கன்றுகள் நிற்கும். சுமார் 50 நாட்களில் காய் பிடுங்கத் தொடங்கலாம். இரண்டு நாளுக்கு ஒரு முறை பிஞ்சாகவே பிடுங்குங்கள். முற்ற விட்டால் காய்ப்புக் குறையும்.

மூன்றாவது பாத்தியில் கத்தரி 5 கன்றும் மிளகாய் 7 கன்றும். இவற்றின் விதையை அடியில் துளையிட்ட பழைய பேசினில் போட்டு, நான்கு ஐந்து வாரத்தில் மாலை நேரத்தில் பிடுங்கி நடுங்கள். இவை காய்க்க இரண்டு மாதத்துக்கு மேல் செல்லும். ஆனால் பராமரித்தால் பல மாதங்கள் காய்க்கும்.

பாத்திகளுக்கு வெளியே, வேலியோரம் பயற்றையைப் படரவிடலாம். மூலைகளில் முருங்கைத் தடி ஒன்றும், பப்பாசிக் கன்று இரண்டும், சில மரவள்ளித் தடிகளும் ஊன்றுங்கள். இவற்றுக்கு அதிக கவனிப்புத் தேவையில்லை. அடுத்த வருட உணவுக்கு இவை கைகொடுக்கும்.

வேலியும் பூச்சியும்

விதை போடுவதற்கு முன்னர் வேலி போடுங்கள். கட்டாக்காலி மாடு ஒன்று ஓர் இரவில் இரண்டு மாத உழைப்பைத் தின்றுவிடும். முழு வளவையும் அடைக்க வசதி இல்லையென்றால் மூன்று பாத்திகளைச் சுற்றி மாத்திரம் அடையுங்கள். பற்றையை வெட்டிய கம்புகளும் பனையோலையும் போதும். மாரியில் சீமைக்கிளுவைக் கதியால் ஊன்றினால் அது உயிர்வேலியாக நிலைக்கும். அதன் குழை நல்ல பசளை.

கொழுந்தில் அழுக்கணவன் பிடித்தால் காலையில் ஈரம் இருக்கும்போது அடுப்புச் சாம்பல் தூவுங்கள். புழுக்களுக்கு, 50 கிராம் வேப்பம் விதைப் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் வடித்துச் சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் தெளியுங்கள். பிள்ளைகள் புழங்கும் இடத்தில் கடை நஞ்சுகளைப் பாவிக்காதிருப்பதே நல்லது.

விதை எடுத்து வையுங்கள்

இலவசமாகக் கிடைத்த விதைப் பொதி அடுத்த முறையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெண்டி, பயற்றை, கத்தரி ஒவ்வொன்றிலும் திடமான ஒரு செடியில் சில காய்களை முற்ற விடுங்கள். விதையை எடுத்து, நன்றாகக் காய வைத்து, சாம்பல் கலந்து, மூடிய போத்தலில் வையுங்கள். பொதியில் கலப்பின விதை என்று குறிப்பிட்டிருந்தால் அதிலிருந்து எடுத்த விதை தாய்ச் செடி போல் விளையாது. அயலவரிடம் நாட்டு விதை கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த எல்லோருக்கும் இப்போது விதை தேவைப்படுகிறது.

மேலும் ஆலோசனை தேவையானால் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் கேட்கவும் முடியும்.

மூன்று பாத்திகளும் ஒரு போகம் நன்றாக நடந்தால், அடுத்த மாரிக்கு நான்காவதை வெட்டுங்கள். பெரிதாகத் தொடங்கி நடுவில் கைவிட்ட தோட்டத்தை விட, சிறிதாகத் தொடங்கி நிலைத்த தோட்டமே உங்கள் குடும்பத்துக்குச் சோறோடு கறியும் தரும்.