சுருதியைத் தெரிவு செய்ய முடியாத பாடகி

கீரிமலைக்கு அயலிலுள்ள காங்கேசன்துறையில் வசந்த கான சபாவை நடத்தி, அரிச்சந்திரன் வேடத்தால் புகழ்பெற்ற நடிகமணி வி. வி. வைரமுத்துவின் இசைநாடகங்களை அறிந்தோருக்கு, பாத்திரங்கள் பாடியே கதையை நகர்த்தும் ஐரோப்பிய ஒபேரா முற்றிலும் அந்நியமான கலையன்று. எனினும் இசைநாடகக் கலைஞர் தம் குரலுக்கு இசைந்த கட்டையில் ஆர்மோனியத்தை வாசிக்கச் செய்து பாடலாம்; ஒபேராவிலோ ஒவ்வொரு சுரத்தின் உயரத்தையும் இயற்றியவரே எழுதி நிறுத்திவிடுவதால், பாட்டுக்கேற்ற குரலைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அதனாலேயே பெண் குரல்கள் உயர்ந்த சொப்ரானோ, தாழ்ந்த கொன்ரால்ற்றோ, இரண்டுக்கும் இடைப்பட்ட மெற்சோ-சொப்ரானோ என வகுக்கப்பட்டன. இத்தாலிய மொழியில் ‘மெற்சோ’ என்றால் பாதி அல்லது நடு. காதலுக்காக உயிர்விடும் நாயகி பெரும்பாலும் சொப்ரானோவுக்கே போய்விட, தாய், சூனியக்காரி, போட்டிக்காரி, மீசை அரும்பாத இளைஞன் ஆகியோரே மெற்சோவின் பங்குக்கு எஞ்சினர். கார்மென் போல மெற்சோவே நாயகியாகும் ஒபேராக்கள் அரிது. கூத்தில் ஆண்கள் பெண்வேடம் புனைந்ததற்கு நேர்மாறாக, இங்கே பெண்ணே காற்சட்டை அணிந்து ஆணாகிறாள்.

ஜேர்மனியின் மெற்சோ-சொப்ரானோ பாடகி கிறிஸ்தா லூட்விக்கும் அவ்வாறு ஆண்வேடத்திலேயே தொடங்கினார். 1928இல் பேர்லினில் பிறந்த அவருக்குத் தந்தை பாடகரும் அரங்க நிர்வாகியுமாவார். பாடகியான தாயே முதன்மைக் குரு. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுஆண்டில், 18 வயதில், யோகான் ஸ்ட்ராவுஸின் நாடகமொன்றில் இளவரசன் ஒர்லொஃப்ஸ்கியாகப் பிராங்பேர்ட்டில் மேடையேறிய அவர், 1955இல் வியென்னா அரச ஒபேராவில் சேர்ந்து, அங்கு மட்டும் 700க்கும் மேற்பட்ட தடவைகள் பாடினார். 1959இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரங்கிலும் முதலில் ஏற்றது மொசார்ட்டின் கெருபினோ என்ற விடலைப் பையன் வேடமே.

இவை யாவும் ஒலிவாங்கியின்றிப் பாடப்பட்டவை. கீரிமலை நகுலேசுவரம் கோயில் திருவிழாவில் தவிலின் முழக்கத்தையும் மீறி நாதஸ்வரம் வெளிவீதிவரை எட்டுவதுபோல, பயின்ற குரல் 3,000 ஹேர்ட்ஸை ஒட்டிய அதிர்வுகளைச் செறிவாக்கி, வாத்தியக் குழுவின் ஒலி மெலிந்திருக்கும் அந்த இடைவெளியால் ஊடுருவிச் செல்கிறது.

மெற்சோக்களுக்கு அரிதான மேல்ஸ்தாயி வலு வாய்த்திருந்தமையால், லூட்விக் எல்லை தாண்டவும் துணிந்தார். கணவனைச் சிறைமீட்க ஆணுடையில் செல்லும் லியோனோராவாக, பீத்தோவனின் ‘ஃபிடெலியோ’வை ஒற்றோ கிளெம்பரரின் நெறியாள்கையில் 1962இல் அவர் ஒலிப்பதிவு செய்தது சொப்ரானோக்களின் கோட்டைக்குள் புகுந்ததற்கு ஒப்பானது. ஆனால் பல மணிநேரம் உச்சத்தில் நிற்க வேண்டிய வாக்னரின் இசோல்டே வேடத்தை, பலர் வற்புறுத்தியும் மேடையில் ஏற்க மறுத்தார். அரை நூற்றாண்டை நெருங்கும் அவரது மேடை வாழ்வுக்கு, அவர் ஏற்றுக்கொண்ட வேடங்களைவிட இந்த மறுப்பே கூடுதலாக உதவியது எனலாம்.

1994 டிசம்பரில், வியென்னாவில், ‘எலெக்ட்ரா’வின் கொடிய தாயாகப் பாடி ஒபேராவிலிருந்து விடைபெற்ற அவர், 2021 ஏப்ரல் 24 அன்று 93 வயதில் காலமானார். இக்குரலைப் புதிதாகக் கேட்க விரும்புவோர், கிளெம்பரர் நெறிப்படுத்திய மாலரின் ‘பூமியின் பாடல்’ ஒலிப்பதிவில் ஏறக்குறைய அரைமணி நேரம் அவர் தனித்துப் பாடும் இறுதிப் பகுதியிலிருந்து தொடங்குவது நன்று.