சிமென்ட் கொட்டினால் மட்டும் போதாது!
ஸ்கேட்போர்டு பூங்கா: பெங்களூரு இளைஞர்கள் காட்டிய வழி

பெங்களூரு: நான்கு சிறு சக்கரங்கள் பொருத்திய பலகை மீது நின்று சறுக்கிச் செல்லும் ஸ்கேட்போர்டு விளையாட்டு, 2021-ல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. இதற்கான பூங்கா எப்படி அமைய வேண்டும் என்ற கேள்விக்கு, அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே செய்முறையில் விடை தேடியது பெங்களூரு.

இந்நகரைச் சேர்ந்த 'ஹோலிஸ்டோக்டு' என்ற ஸ்கேட்போர்டு குழுவினர், 2013-ல் லீவைஸ் நிறுவனத்தின் ஆதரவுடன் கான்கிரீட் பூங்கா ஒன்றை அமைத்தனர். வெளிநாடுகளிலிருந்து வந்த அனுபவசாலிகளுடன் சேர்ந்து, விளையாடுபவர்களே கலவை பூசி வளைவுகளை வடித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

அதற்குக் காரணம் உண்டு. ஸ்கேட்போர்டின் சக்கரம் ஐந்தாறு சென்டிமீட்டர் விட்டமே உடையது. கெட்டியான பாலியூரித்தேனால் ஆனது. ஒரு சிறு கல் குறுக்கிட்டால் போதும், பலகை சட்டென நின்றுவிடும். மேலே நிற்பவர் தூக்கி எறியப்படுவார். எனவே, தளத்தில் வெடிப்போ, மேடுபள்ளமான இணைப்போ இருக்கலாகாது. வளைவின் ஆரம் தொடக்கம் முதல் முடிவு வரை சீராக இருத்தல் அவசியம். இங்கு எல்லாவற்றையும் தீர்மானிப்பது கரணை பிடிக்கும் கைதான். குறைந்த தொகை கேட்ட சாலை ஒப்பந்ததாரரிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் என்ன கிடைக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது இடைவெளி. ஒரு சரிவில் இறங்கிப் பெற்ற வேகம் அடுத்த மேட்டுக்கு இட்டுச்செல்ல வேண்டும். தடைகளை நெருக்கி அமைத்தால் விளையாடுபவர்கள் ஒருவர் மீது ஒருவர் மோதுவர். விலக்கி அமைத்தால் வேகம் வீணாகும். புதிதாகப் பழகும் சிறுவர்களுக்குத் தாழ்வான தனிப்பகுதி தேவை.

மழையையும் மறக்க முடியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மி.மீ. மழை பெறும் பெங்களூரில், கிண்ணம் போன்ற பள்ளத்தின் அடியில் வடிகால் அமைக்காவிட்டால், அது கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும்.

யார் விளையாடலாம் என்பதும் வடிவமைப்பில் அடங்கும். மத்தியப் பிரதேச மாநிலம், பன்னா மாவட்டத்தின் ஜன்வார் கிராமத்தில், ஜெர்மானியரான உல்ரிக் ரைன்ஹார்ட்டின் முயற்சியால் 2015-ல் உருவான பூங்காவில் இரண்டே விதிகள்: பள்ளிக்குச் செல்லாதவர்க்குப் பலகை இல்லை, பெண் குழந்தைகளுக்கே முன்னுரிமை.

ஆனால், நிலம்தான் பெரும் சிக்கல். கான்கிரீட் பூங்காவைப் பெயர்த்து எடுத்துச் செல்ல இயலாது. வாடகை நிலத்தில் கட்டினால், குத்தகை முடியும் நாளில் உழைப்பும் முடிந்துவிடும். விளையாட்டு, அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளதால் தில்லியை மட்டும் நம்பிப் பயனில்லை. நிலையான இடத்தை மாநில அரசும் உள்ளாட்சிகளும்தான் தர முடியும். பூங்காக்களையும் திடல்களையும் பாதுகாக்க கர்நாடகத்தில் 1985-ம் ஆண்டுச் சட்டம் உள்ளது. 2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டதால், இனி கோரிக்கை மனுவை எந்தக் கதவில் கொடுப்பது என்பதையும் இளைஞர்கள் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், பர்ன்சைடு பாலத்தின் அடியில் 1990-ல் விளையாட்டு ஆர்வலர்கள் அனுமதி பெறாமலே ஒரு பூங்காவைக் கட்டத் தொடங்கினர். நகர நிர்வாகம் பின்னர் அதை ஏற்றுக்கொண்டது. அங்கு பாலமே கூரை. மழைக்கும் வெயிலுக்கும் வேறு செலவில்லை. பெங்களூரிலும் மேம்பாலங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் அடியில் பல இடங்களில் வாகனங்கள் நிற்கின்றன.