நீ ஆதரவா, எதிர்ப்பா? – 120 கிராம் பொட்டலம் சொல்லிக்கொடுத்தது

ஊருக்குப் போனால் இந்தக் கேள்வி தப்பாமல் வந்துவிடும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார்: "என்னப்பா ஆராய்ச்சி பண்றே?" விவசாயத்தில் புதிய தொழில்நுட்பம் எப்படி வருகிறது, அதைப் பற்றி நாட்டில் எப்படி வாதம் நடக்கிறது என்று நான் இழுப்பதற்குள் அடுத்த கேள்வி விழும். "ஓ, இந்த மரபணு மாற்று விதையா? நீ அதுக்கு ஆதரவா, எதிர்ப்பா?"

ரசம் வருவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடமாகியும் எனக்கு ஒரு வார்த்தையில் பதில் வரவில்லை. நழுவுகிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். ஏன் வரவில்லை என்று கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விதை உருவாக்குகிறவன் இல்லை. ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடையாது. ஒரு விதை ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பி, அரசுக் குழு, கம்பெனி, விதைக்கடை, கடன் கொடுப்பவர், பக்கத்து வயல்காரர் எல்லாரையும் தாண்டி ஒருவருடைய நிலத்தில் விழுகிற வரைக்கும் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் துறை. அந்த வழியில் யார் பேசுகிறார்கள், யார் பேச்சு எடுபடுகிறது என்பதும் அதில் சேர்த்தி.

நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் பருத்தியிலிருந்துதான்.

பி.டி. என்றால் என்ன?

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, சில வகைப் புழுக்களின் குடலைக் கெடுக்கும் புரதத்தை உண்டாக்குகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவை எடுத்துப் பருத்திச் செடியில் வைத்தால், செடியே அந்தப் புரதத்தைத் தயாரிக்கும். காயைத் துளைக்கும் புழு கடித்தால் செத்துப்போகும். அவ்வளவுதான். இது விளைச்சலைக் கூட்டும் மரபணு கிடையாது. காய்ப்புழுவால் போகிற விளைச்சலைக் காப்பாற்றுகிற மரபணு. தத்துப்பூச்சி, வெள்ளை ஈ மாதிரி சாறு உறிஞ்சும் பூச்சிகளை இது ஒன்றும் செய்யாது. வறட்சிக்கும் பதில் சொல்லாது. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுத்தான் பாதி வாதங்கள் நடக்கின்றன.

இந்தியாவில் 2002 மார்ச் மாதம் மூன்று பி.டி. பருத்தி வீரிய ஒட்டு ரகங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2001-ல் குஜராத்தில் காய்ப்புழு கடுமையாகத் தாக்கியபோது, சில வயல்கள் மட்டும் பச்சையாக நின்றன. சோதித்துப் பார்த்தால் நவபாரத் 151 என்ற பெயரில் விற்ற விதையில் பி.டி. மரபணு இருந்தது. அரசு இன்னும் அனுமதியே கொடுக்கவில்லை! வயலை எரிக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. விவசாயிகள் விடவில்லை.

முதுகலை படிக்கும்போது இதைப் படித்துவிட்டு எனக்குத் தலை சுற்றியது. 'விவசாயி மேல் இந்த விதை திணிக்கப்படுகிறது' என்று ஒரு தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. இங்கே விவசாயிகள் திருட்டு விதையைத் தேடி வாங்குகிறார்கள். 'நம் கண்காணிப்பு பலமானது, கவலை வேண்டாம்' என்று இன்னொரு தரப்பு. இங்கே கண்காணிக்க வேண்டியவர்களுக்கே விஷயம் கடைசியில்தான் தெரிகிறது. இரண்டு கதையும் ஒரே வருடத்தில் உடைந்தது.

ஒரே விதை, வேறு வேறு எண்கள்

பந்தியில் கொஞ்சம் படித்தவர் உட்கார்ந்திருந்தால் புள்ளிவிவரம் கேட்பார். அதிலும் சிக்கல்தான். 2001 சோதனை வயல்களை வைத்து 2003-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை, பி.டி. ரகத்தில் மகசூல் சராசரியாக 80 சதவீதம் கூடுதல் என்றது. அதே கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான மத்தின் கைம், ஜோனஸ் கதாகே என்பவருடன் சேர்ந்து 2002 முதல் 2008 வரை விவசாயிகளைத் தொடர்ந்து பார்த்து 2012-ல் எழுதியபோது, ஏக்கருக்கு 24 சதவீதம் என்றார். 2020-ல் கே.ஆர். கிராந்தியும் கிளென் ஸ்டோனும் இருபது வருட நாட்டுக் கணக்கைப் புரட்டிவிட்டு, மகசூல் ஏறியதற்கு உரமும் புதிய பூச்சிமருந்துகளும் முக்கியக் காரணம், பி.டி. விதையின் பங்கு பெரிதல்ல என்றார்கள். பூச்சிமருந்துச் செலவும் முதலில் இறங்கி, பிறகு பி.டி. வருவதற்கு முன் இருந்ததைவிட மேலே போய்விட்டது என்றார்கள்.

இதில் யார் பொய் சொல்கிறார்கள்? யாரும் இல்லை என்பதுதான் என் வாசிப்பு. 2001 புழு அதிகம் இருந்த வருடம். புழுவைத் தடுக்கிற விதை அந்த வருடம் பிரமாதமாகத்தான் தெரியும். வயல் வயலாகப் போய்க் கேட்கிறவருக்கு ஒரு கணக்கு வரும், ஆனால் புது விதையை முதலில் வாங்குகிறவர் பெரும்பாலும் தண்ணீர் வசதியும் கையில் காசும் உள்ளவர் என்பதைக் கழித்துப் பார்க்க வேண்டும். கதாகே, கைம் கட்டுரை அதைக் கழிக்கத்தான் முயன்றது. நாடு முழுவதற்கும் கோடு போட்டுப் பார்க்கிறவருக்கு வேறு கணக்கு வரும், ஆனால் அதே காலத்தில் மாறிய மற்ற எல்லாமும் அந்தக் கோட்டில் கலந்திருக்கும். எந்த வருடம், யாருடைய நிலம், எவ்வளவு காலம் என்று கேட்காமல் ஒரு சதவீதத்தை எடுத்து வீசுவது இரு தரப்புக்கும் வழக்கமாகிவிட்டது.

இறவாணத்தில் தொங்கிய பொட்டலம்

இனி என் சொந்தத் தவறு.

அந்த நாட்களில் பி.டி. பருத்தி வாங்கினால் 450 கிராம் விதைப் பையோடு 120 கிராமில் ஒரு சின்னப் பொட்டலமும் வரும். அதில் இருப்பது பி.டி. இல்லாத சாதாரண விதை. வயலைச் சுற்றி அதை வரிசையாக விதைக்க வேண்டும். எதற்கு? பி.டி. செடியைத் தின்றும் சாகாத புழு எங்காவது ஒன்றிரண்டு இருக்கும். அவை தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்தால் எதிர்ப்புச் சக்தியுள்ள கூட்டம் பெருகிவிடும். சாதாரணச் செடியில் வளர்ந்த ஏராளமான அந்துப்பூச்சிகளோடு அவை கலந்தால், பிறக்கிற புழுக்கள் பெரும்பாலும் பி.டி.யில் செத்துவிடும். அதாவது புழுவுக்கு ஒரு புகலிடம் விட்டுவைத்தால் விதையின் ஆயுள் நீளும்.

2009-ல் பெரம்பலூர் பக்கம் கரிசல் காட்டு ஊர்களில் கணக்கெடுத்தேன். என் கேள்வித்தாளில் ஒரு கட்டம்: 'புகலிட விதை போட்டீர்களா? ஆம் / இல்லை.' முக்கால்வாசிப் பேருக்கு மேல் 'போட்டோம்' என்றார்கள். மகிழ்ச்சியாக அட்டவணை போட்டு, ஒரு கருத்தரங்கில் படித்தும் விட்டேன்.

இரண்டாம் முறை போனபோது ஒரு பெரியவர் வீட்டில் டீ கொடுத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், இறவாணத்தில் அந்தச் சின்னப் பொட்டலங்கள் நாலைந்து சொருகியிருக்கின்றன. பிரிக்கவே இல்லை.

"ஐயா, இதைப் போட்டேன்னு சொன்னீங்களே?"

அவர் சிரித்துவிட்டார். "தம்பி, நீங்க பேப்பரும் பேனாவுமா வந்தீங்க. ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீங்கன்னு நினைச்சேன். போடலைன்னா ஏதாச்சும் சொல்லுவீங்களோன்னு போட்டேன்னேன். இது ஓசியில குடுக்குறது. புழு திங்கறதுக்குன்னே நாலு வரிசை போடச் சொன்னா, எனக்கு இருக்கறதே ரெண்டு ஏக்கர். பக்கத்துக் காட்டுக்காரன் போடாம நான் மட்டும் போட்டா புழு யாரு காட்டுக்கு வரும்?"

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க எனக்கு முடியவில்லை. புகலிடத்தால் வரும் நன்மை ஊர் முழுக்கப் பரவும், நஷ்டம் மட்டும் போட்டவர் தலையில். அட்டவணையைக் கிழித்தேன். கருத்தரங்கை நடத்தியவர்களுக்கு என் எண்கள் நம்பத்தக்கவை இல்லை என்று எழுதினேன். ஒன்றரை வருட உழைப்பு. அன்றைக்கு அவமானமாக இருந்தது. இப்போது யோசித்தால் என் வேலையே அந்தத் திண்ணையில்தான் தொடங்கியது. 'விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை' என்று அதற்கு முன் எழுதியிருப்பேன். அதற்குப் பிறகு அந்த வரியை எழுதக் கை வரவில்லை.

அமெரிக்காவில் ஒழிந்தது, இங்கே வளர்ந்தது

2010-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.க்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது என்று அறிவிப்பு வந்தது. இரண்டு மரபணு வைத்த அடுத்த தலைமுறை விதை 2006-லேயே சந்தைக்கு வந்திருந்தது. சில வருடங்களில் அதையும் அந்தப் புழு தாண்டியது.

அதே புழு, அதே வகை மரபணு. அமெரிக்காவில் 2018-ல் அந்தப் புழுவைத் தங்கள் பருத்தி நிலங்களிலிருந்து ஒழித்துவிட்டதாக அரசு அறிவித்தது.

எப்படி? அங்கே புகலிடத்தை முறையாகப் போட்டார்கள். மலட்டு அந்துப்பூச்சிகளை வளர்த்து விமானத்திலிருந்து விட்டார்கள். அரசும் விவசாயிகள் அமைப்புகளும் சேர்ந்து செலவு செய்தன. இன்னொன்று, அங்கே பி.டி. வந்தது சாதாரண ரகங்களில். இங்கே வந்தது ஏறக்குறைய முழுவதும் வீரிய ஒட்டு விதையில். ஒட்டுச் செடியின் காய்க்குள் இருக்கும் விதைகள் எல்லாவற்றிலும் பி.டி. இருக்காது. ஒரு மரபணு என்றால் நான்கில் மூன்று என்ற கணக்கு. காய்க்குள் புகுந்து விதையைத் தின்னும் புழுவுக்கு அதிலேயே கொஞ்சம் விஷம், கொஞ்சம் சாப்பாடு. பழகிக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமா? ஒட்டு விதையைத் திரும்ப எடுத்து விதைத்தால் பயிர் ஒரே மாதிரி வராது. அதனால் கம்பெனிக்கு வருடா வருடம் விற்பனை உறுதி. ஆக, விற்கத் தோதான வடிவம் புழுவுக்கும் தோதாகிப் போனது.

அதனால்தான் 'இந்த மரபணு நல்லதா கெட்டதா' என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. ஒரே மரபணு, இரண்டு நாட்டில் இரண்டு முடிவு.

கத்திரிக்காய் வாதம்

கத்திரிக்காயிலும் இதே பாடம் இருக்கிறது. தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு எதிரான பி.டி. கத்திரியில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. 2009 அக்டோபரில் மத்தியக் குழு சம்மதித்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்தி வைத்தார். அந்தக் கூட்டங்களில் விஞ்ஞானிகள் 'இது விஷமில்லை, சோதித்துவிட்டோம்' என்றார்கள். எதிர்த்தவர்களோ சோதனையைச் செய்தது யார், விதை யார் கையில் இருக்கும், எங்கள் நாட்டு ரகம் என்ன ஆகும், நாளைக்குக் கெட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்றும் கேட்டார்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்றுக்கான பதில். பிறகு 'மக்களுக்கு அறிவியல் தெரியவில்லை' என்று ஒரு பக்கம், 'விஞ்ஞானிகள் விலைபோய்விட்டார்கள்' என்று இன்னொரு பக்கம்.

பங்களாதேஷ் 2013-ல் அதே கத்திரிக்கு அனுமதி கொடுத்தது. அங்கே அரசு ஆராய்ச்சி நிலையம், விவசாயி திரும்ப எடுத்து விதைக்கக்கூடிய ரகங்களாக அதைக் கொடுத்தது. 2014 தொடக்கத்தில் முதலில் 20 விவசாயிகளுக்கு. அங்கேயும் சர்ச்சை இல்லாமல் இல்லை. ஆனால் 'விதை யார் கையில்' என்ற கேள்விக்கு ஒரு பதிலாவது அந்த ஏற்பாட்டுக்குள் இருந்தது.

ஆக, பந்திக்கான பதில்

இப்போதெல்லாம் பக்கத்து இலைக்காரரிடம் நான் திருப்பிக் கேட்கிறேன். எந்தப் பயிர்? எந்தப் பூச்சி? ஒட்டு விதையா, திரும்ப விதைக்கிற ரகமா? அந்த விதை நீடிக்க வேறு என்ன செய்ய வேண்டும், அந்தச் செலவு யாருடையது? தோற்றால் யார் முதலில் சொல்வார்கள், யார் ஈடு கட்டுவார்கள்? இதற்கெல்லாம் பதில் தெரிந்தால் ஆதரவா எதிர்ப்பா என்று நானும் சொல்வேன். ஒரு பயிருக்கு ஆம் என்பேன், இன்னொன்றுக்கு வேண்டாம் என்பேன்.

அந்தப் பெரியவரைப் பிறகும் சில தடவை பார்த்தேன். பருத்தியைக் குறைத்து மக்காச்சோளத்துக்கு மாறியிருந்தார். 2018-ல் படைப்புழு வந்து அந்தப் பக்கத்து மக்காச்சோளத்தை மொட்டையடித்த பிறகு ஒரு நாள் போனில் கேட்டார்: "தம்பி, இந்தப் புழுவுக்கும் ஏதாச்சும் விதை வருதுங்களா?"

"வெளிநாட்டுல இருக்குங்க ஐயா. இங்க இன்னும் அனுமதி இல்லை. வந்தா வாங்குவீங்களா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: "வாங்கறது இருக்கட்டும். அதுலயும் ஒரு சின்னப் பொட்டலம் இருக்குமா? இருந்தா இந்தத் தடவை ஊரைக் கூட்டி, எல்லாரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க. ஒருத்தன்கிட்ட தனியாச் சொல்லாதீங்க."

கொள்கைக் கூட்டங்களில் நான் பேச வேண்டி வரும்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன்.