உங்களுக்குத் தெரியுமா? கேமரன் மலையில் தேத்தண்ணி ஆறுமுன்னே!

தாப்பாவில் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேமரன் மலையின் தானா ராத்தா வந்து சேர ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒலியை முந்திப் பறந்த பயணிகள் விமானமான, பிரிட்டிஷ் ஏர்வேசின் கான்கார்டுக்கு முழு வேகத்தில் இந்தத் தூரத்துக்கு 2 நிமிடம்கூட ஆகியிருக்காது!

இந்தக் கான்கார்ட் நம் பக்கமே வந்துபோனது தெரியுமா? 1977 டிசம்பர் 9-இல் லண்டன் – பஹ்ரைன் – சிங்கப்பூர் சேவை தொடங்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்சும் கூட்டு!

கூட்டு என்றால் பெயருக்கு இல்லை. ஒரே விமானம், இரண்டு வேஷம்! இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம். எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்களோ, அந்தக் கம்பெனி!

ஆனால் மூன்றே மூன்று முறைதான் போய்வந்தது. மலாக்கா நீரிணைக்கு மேலே ஒலியை முந்தும்போது எழும் அந்த ‘டமார்’ வேண்டாம் என்றது மலேசியா. நம்ம ஊர் சொல்லி, அவ்வளவு வேகமான விமானம் 13 மாதம் சிங்கப்பூர் பக்கமே வரவில்லை!

1979 ஜனவரியில் மலேசிய வான்வெளியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. இந்தியாவோ, ‘எங்கள் தலைக்கு மேலே அந்த வேகம் கூடாது’ என்றது. 1980 நவம்பர் 1-இல் கடை மூடியாயிற்று!

சரி, தேத்தண்ணிக்கு வருவோம்! தானா ராத்தா உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பறந்த கான்கார்டின் மூக்கு நுனியில் சூடு எவ்வளவு? 127 டிகிரி! வெளியே காற்றோ, உறைநிலைக்குக் கீழே 50 டிகிரிக்கும் மேல்!

அந்தச் சூட்டில் விமானத்தின் உடம்பே நீண்டது. ஒரு சாண் அளவுக்கு! இறங்கி ஆறியதும் பழைய நீளம்.

அன்று லண்டனில் பசியாறிவிட்டுக் கான்கார்டில் ஏறியிருந்தால், நியூயார்க்கில் இறங்கி மறுபடி பசியாறியிருக்கலாம். புறப்பட்ட நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்பீர்கள், அங்கத்திய கடிகாரப்படி!

பயணிகளை ஏற்றிப் பறந்த கான்கார்டுகள் மொத்தம் 14. பிரிட்டனுக்கு 7, பிரான்சுக்கு 7. அவ்வளவுதான்!

அந்த இரட்டை வேஷ விமானம் என்னவாயிற்று என்கிறீர்களா? தேடிப் பிடித்துவிட்டேன்! 1996 பிப்ரவரி 7-இல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்து சாதனை படைத்தது அதேதான். 2 மணி 52 நிமிடம் 59 விநாடி! இப்போது நியூயார்க்கில், இன்ட்ரெபிட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்!