தங்கவயல் சயனைடு மேட்டில் இன்னும் தங்கம் இருக்கிறதா? ஆசிட் ஊற்றினால் கரையுமா?

கோலார் தங்கவயல்: கே.ஜி.எப். சினிமாவில் பார்த்த அந்த சாம்பல் நிற மண்மேடுகள் ஞாபகம் இருக்கா? தங்கவயல் மக்கள் அதை 'சயனைடு மேடு' என்றுதான் சொல்வார்கள். சுரங்கத்தை மூடி 24 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் மேட்டில் தங்கம் இருக்காம், எடுக்கப் போறாங்களாம் என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.

இது வெறும் வதந்தி இல்லை. 13 மேடுகள், சுமார் 1,000 ஏக்கர், 3 கோடியே 30 லட்சம் டன் மண். இதிலிருந்து தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது.

மண் வந்த கதை

1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய கம்பெனி இங்கே கால் வைத்தது. வடஆற்காடு, தர்மபுரி, சேலம் பக்கத்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்து பாறைக்குள் இறங்கினார்கள். 3 கிலோ மீட்டருக்கும் அதிக ஆழம் வரை போனார்கள். 120 வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது.

வெட்டிய பாறையை மாவு மாதிரி அரைத்து தங்கத்தைப் பிரித்தார்கள். மிச்சமான மாவை வெளியே கொட்டினார்கள். அதுதான் இன்றைய சயனைடு மேடு.

ஆரம்பத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசி காலத்தில் 5 கிராமுக்கும் கீழே போய்விட்டது. நஷ்டம் என்று சொல்லி 2001 பிப்ரவரி 28-ந் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்கத்தை மூடினார்கள். 3 ஆயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் வேலை இழந்தனர்.

ஒரு லாரிக்கு ஒரு பவுன் கூட இல்லை

மேட்டு மண்ணில் டன்னுக்கு முக்கால் கிராம் அளவுக்குத்தான் தங்கம் என்பது மதிப்பீடு. அப்படின்னா 10 டன் லாரி நிறைய மண் அள்ளினாலும் ஒரு பவுன் தேறாது. அதிலும் முழுசாக கைக்கு வராது. சல்லடையை வைத்து சலித்துப் பார்த்தால் ஒரு பொட்டு தங்கம் கூட கண்ணில் படாது.

ஆனால் கணக்கைப் பெருக்கிப் பாருங்க. 3 கோடியே 30 லட்சம் டன் மண்ணில் 20 டன்னுக்கு மேல் தங்கம் அடங்கியிருக்கிறது. பாறையை உடைக்கிற செலவும் இல்லை, அரைக்கிற செலவும் இல்லை. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் மேட்டைப் பற்றிய பேச்சு கிளம்புவது இதனால்தான்.

ஆசிட்டா, சயனைடா?

சுரங்கக் கழிவில் இருந்து செம்பு, யுரேனியம் எடுக்க வேண்டும் என்றால் கந்தக அமிலம் போதும். ஜார்கண்டில் செம்பு ஆலைக் கழிவு மண்ணில் இருந்த யுரேனியத்தைப் பிரித்து, ஜாதுகுடா ஆலையில் கந்தக அமிலத்தில் கரைத்து எடுத்திருக்கிறார்கள்.

தங்கம் இதற்கெல்லாம் மசியாது. நகைப் பட்டறையில் ராஜ திராவகம் ஊற்றி கரைப்பார்கள். அதை கோடிக்கணக்கான டன் மண்ணுக்கு ஊற்ற முடியுமா? கட்டுப்படி ஆகாது. அதனால்தான் 1887-ல் ஸ்காட்லாந்துக்காரர் மெக்ஆர்தர் குழுவினர் கண்டுபிடித்த சயனைடு முறையை உலகமே பிடித்துக்கொண்டது.

மண்ணை தண்ணீரில் கலந்து கூழாக்குவார்கள். முதலில் சுண்ணாம்பு போடுவார்கள். பிறகுதான் சயனைடு. காற்று ஊதிக்கொண்டே இருந்தால் தங்கம் கரைந்து தண்ணீரோடு வந்துவிடும். கரித்துண்டுகளைப் போட்டால் தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்து உருக்கினால் கட்டித் தங்கம்.

சுண்ணாம்பு எதற்கு? சயனைடு கரைசலில் ஆசிட் பட்டால் உயிரைக் குடிக்கும் விஷ வாயு கிளம்பும். அதைத் தடுக்கத்தான் சுண்ணாம்பு. கரித்துண்டைக் கழுவ மட்டும் கொஞ்சம் ஆசிட் பயன்படும். அதையும் சயனைடு பக்கம் அண்ட விடமாட்டார்கள்.

மண் எங்கே போகும்?

பெரிய சிக்கலே இங்கேதான். டன்னுக்கு முக்கால் கிராம் எடுத்த பிறகு மீதி மண் குறையவா போகிறது? 3 கோடி டன் உள்ளே போனால் 3 கோடி டன் வெளியே வரும். இந்த முறை ஈரமாக, சயனைடு கலந்து வரும். அதைத் தேக்கி வைக்க பலமான கரை வேண்டும்.

ருமேனியாவில் பயா மாரே என்ற ஊரில் இதே மாதிரி பழைய கழிவு மண்ணில்தான் தங்கம் எடுத்தார்கள். 2000 ஜனவரி 30-ந் தேதி மழையும் பனியும் சேர்ந்து கரை உடைந்தது. சுமார் 10 கோடி லிட்டர் சயனைடு தண்ணீர் ஆற்றில் பாய்ந்தது. பக்கத்து நாடான ஹங்கேரியில் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன்கள் செத்து மிதந்தன.

ஒழுங்காகச் செய்த இடமும் உண்டு. தென் ஆப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே 'எர்கோ' ஆலை, பழைய மேடுகளைத் தண்ணீர் பீய்ச்சி கரைத்து, குழாயில் கொண்டுபோய் தங்கம் எடுக்கிறது. மிச்ச மண் ஊருக்குத் தள்ளி சேர்கிறது. மேடு இருந்த நிலம் வேறு உபயோகத்துக்கு வருகிறது.

தங்கவயல் மக்களுக்கு என்ன லாபம்?

காற்று அடிக்கிற மாதங்களில் மேட்டுத் தூசி வீட்டுக்குள், சோத்துத் தட்டு வரை வருகிறது. அந்த நுண்ணிய தூசி நுரையீரலுக்கு ஆகாது. மேடு போனால் தூசி தொல்லையும் போகும். ஆனால் அள்ளும்போது தண்ணீர் தெளிக்காவிட்டால் தூசி இன்னும் அதிகமாகப் பறக்கும். கோலாரோ தண்ணீர் பஞ்சம் உள்ள மாவட்டம். ஆலைக்கு எங்கிருந்து தண்ணீர் வரும்?

வேலை விஷயமும் அப்படித்தான். சுரங்கம் மாதிரி ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்க முடியாது. பாதி வேலையை மெஷினே செய்துவிடும். மாரிக்குப்பம் ரெயிலில் விடியற்காலையில் ஏறி பெங்களூர் வேலைக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உள்ளூரில் வேலை கிடைக்கும்?

மண்ணை அள்ளுவதற்கு முன்பே கரை, தண்ணீர், வேலை இந்த மூன்றுக்கும் எழுத்துப்பூர்வமாக உறுதி தர வேண்டும் என்பதே தங்கவயல் மக்களின் எதிர்பார்ப்பு.